காலைக் குளிரில் வண்டி திணறுதா? பம்பைக் கழற்றும் முன் இதைப் பாருங்கள்



ஐப்பசி மழை தொடங்கி தை முடியும் வரை நம் மலைக் கிராமங்களில் சரக்கு வண்டி வைத்திருப்பவர்கள் சொல்லும் புகார் ஒன்று உண்டு. "நேத்து ராத்திரி நல்லாத்தான் ஓடிச்சு. காலையில சாவி போட்டா ஸ்டார்ட் ஆகுது, ரெண்டு தடவை குலுங்குது, நின்னு போகுது. வெயில் ஏறிட்டா ஒரு தொந்தரவும் இல்ல." வெள்ளிமலையிலும் கரியாலூரிலும் சேராப்பட்டிலும் இதே பேச்சுதான்.

இந்தக் கோளாறுக்குக் காரணங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் பாதிக்கு மேல் குறைந்த செலவில் சரியாகக் கூடியவை. ஆனால் பல வண்டிகளில் முதல் நாளே "பம்ப் போயிடுச்சு, நாசில் போயிடுச்சு" என்று பெரிய செலவு வைக்கப்படுகிறது. அதற்கு முன் என்ன பார்க்க வேண்டும், எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

நாம் ஏன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

"வண்டி விஷயம் ஆம்பளைங்க பாத்துப்பாங்க" என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். வண்டியை ஓட்டுவது கணவராகவோ மகனாகவோ தம்பியாகவோ இருக்கலாம். ஆனால் வண்டி வாங்கிய கடன் பல வீடுகளில் குழு மூலமாகப் பெண்கள் பெயரில் இருக்கிறது. மாதத் தவணையும் நாம்தான் கட்டுகிறோம். பழுதுக்குப் பணம் போதவில்லை என்றால் குழுவில் உள்கடன் கேட்பதும் நாம்தான். கடன் நம் பேரில் இருந்தால், செலவு எதற்கு என்று கேட்கும் உரிமையும் நம்முடையதுதானே?

இன்னொன்று, சரக்கு காத்திருக்காது. மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் உள்ளே கருக்க ஆரம்பித்துவிடும். மாவுச்சத்தைப் பார்த்து விலை போடும் சேகோ ஆலையில் பழைய கிழங்குக்கு விலை குறையும். காலை 5 மணிக்குக் கிளம்ப வேண்டிய வண்டி 9 மணிக்குக் கிளம்பினால் நஷ்டம் நமக்குத்தான்.

மூன்றாவதுதான் முக்கியம். ஸ்டார்ட் ஆகாத வண்டியை மலைச் சரிவில் உருட்டிவிட்டு ஸ்டார்ட் பண்ணும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. இது உயிருக்கே ஆபத்து. ஏன் என்று கீழே சொல்லியிருக்கிறோம்.

டீசல் எஞ்சின் எப்படிப் பற்றுகிறது?

பெட்ரோல் எஞ்சினில் பிளக் பொறி அடித்துத் தீ வைக்கும். டீசல் எஞ்சினில் பொறி கிடையாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சூடாவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். காற்றை அழுத்தினால் சூடாகும். டீசல் எஞ்சின் காற்றை 16 முதல் 22 மடங்கு வரை அழுத்துகிறது. அப்போது காற்றின் சூடு 500 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் நாசில் வழியாக டீசலைப் பனி போலத் தூவினால் தானாகவே பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியர் 1890களில் உருவாக்கிய முறை இது.

டீசலை அவ்வளவு அழுத்தத்தில் அளந்து தள்ளுவது இன்ஜெக்‌ஷன் பம்ப். இந்தியாவில் இதைத் தயாரித்தது 1951-ல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ நிறுவனம். 2008-ல் அதன் பெயர் பாஷ் என்று மாறிவிட்டது. ஆனாலும் பழைய மெக்கானிக்குகள் வாயில் இன்றும் "மைக்கோ பம்ப்"தான்.

ஆக, குளிர்ந்த எஞ்சின் பற்றுவதற்கு மூன்று விஷயம் வேண்டும்:

1. எஞ்சின் போதுமான வேகத்தில் சுற்ற வேண்டும். இது பேட்டரி, செல்ஃப் மோட்டார் வேலை.
2. உள்ளே போதுமான சூடு வேண்டும். இது ஹீட்டர் பிளக், கம்ப்ரஷன் வேலை.
3. காற்றுக் குமிழி கலக்காத, தண்ணீர் இல்லாத டீசல் வர வேண்டும். இது டேங்க், குழாய், ஃபில்டர், பம்ப், நாசில் வேலை.

அடுப்பு பற்ற ஊதல், நெருப்பு, காய்ந்த விறகு வேண்டும் என்பது போலத்தான். மூன்றில் ஒன்று குறைந்தாலும் புகைதான் வரும்.

எஞ்சின் சூடான பிறகு இந்தக் குறை தெரியாது. சூடான இரும்பே பாதி உதவி செய்துவிடும். அதனால்தான் "வெயில் ஏறினா சரியாயிடுது" என்கிறோம். சரியாகவில்லை, மறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மலையில் ஏன் அதிகம்?

கல்வராயன் மலையில் பல ஊர்கள் 2000 முதல் 3000 அடி உயரத்தில் இருக்கின்றன. கீழே கள்ளக்குறிச்சியில் இருப்பதைவிடக் காலைக் குளிர் அதிகம். உயரம் கூடக் கூடக் காற்று கொஞ்சம் மெலியும். எஞ்சின் உள்ளே இழுக்கும் காற்று குறையும், அழுத்தும்போது வரும் சூடும் சற்றுக் குறையும். குளிரில் பேட்டரியின் பலமும் குறையும், எஞ்சின் ஆயிலும் கெட்டிப்படும். சமவெளியில் சமாளித்துக்கொண்டிருந்த வண்டி மலையில் ஒரு ராத்திரி நின்றால் திணறுவது இதனால்தான்.

மேலும், வீட்டு வாசலில் சமதளம் கிடையாது. முன்பக்கம் மேட்டைப் பார்த்தபடி வண்டியை நிறுத்துகிறோம். எஞ்சின் மேலேயும் டேங்க் கீழேயும் இருந்தால், குழாயில் சின்ன ஓட்டை இருந்தாலும் ராத்திரி முழுக்க டீசல் மெல்லப் பின்னால் இறங்கி டேங்குக்கே போய்விடும். காலையில் பம்புக்குக் காற்றுதான் கிடைக்கும்.

முதலில் கண்ணும் காதும்

கருவி எதுவும் வேண்டாம். காலையில் முதல் ஸ்டார்ட்டின்போது ஒருவர் வண்டிக்குப் பின்னால், சற்றுப் பக்கவாட்டில் தள்ளி நின்று புகையைப் பார்க்க வேண்டும். ஒருவர் சத்தத்தைக் கவனிக்க வேண்டும். கிடைக்கும் பதில் இப்படி இருக்கும்:

* செல்ஃப் மெதுவாக இழுக்கிறது, விளக்கு மங்குகிறது: பேட்டரி, டெர்மினல், எர்த் வயர்.
* செல்ஃப் வேகமாகச் சுற்றுகிறது, புகையே இல்லை: டீசல் எஞ்சினுக்குப் போகவில்லை.
* சுற்றுகிறது, டீசல் வாடையோடு வெள்ளைப் புகை வருகிறது: டீசல் போகிறது, எரியவில்லை. சூடு போதவில்லை.
* உடனே ஸ்டார்ட் ஆகி, சில விநாடியில் திணறி நிற்கிறது, மறுபடி நெடுநேரம் இழுக்க வேண்டியிருக்கிறது: குழாயில் காற்று.
* ஸ்டார்ட் ஆகிறது, ஒரு பக்கம் நொண்டுவது போலக் குலுங்குகிறது, ஒன்றிரண்டு நிமிடத்தில் புகை நின்று சரியாகிறது: ஒரு சிலிண்டர் மட்டும் தாமதமாகப் பற்றுகிறது. ஹீட்டர் பிளக் ஒன்று போயிருக்கலாம்.
* கறுப்புப் புகை: டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. ஏர் ஃபில்டரைப் பாருங்கள்.
* நீலப் புகை: எஞ்சின் ஆயில் எரிகிறது.
* வெள்ளைப் புகை நிற்கவே இல்லை, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைகிறது: ஹெட் கேஸ்கெட் சந்தேகம். வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

ஒரு காலைக்கு ஒரு சோதனை

குளிர்ந்த எஞ்சினைத்தான் சோதிக்க வேண்டும். ஒரு தடவை ஸ்டார்ட் ஆகிவிட்டால் அன்றைய சோதனை முடிந்தது. அதனால் ஒரு காலைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஒரே நாளில் நாலு வேலை செய்தால் எதனால் சரியாச்சு என்றே தெரியாமல் போகும்.

முதல் காலை, ஹீட்டர். சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் சுருள் போல ஒரு விளக்கு எரியும். அது அணைந்த பிறகுதான் செல்ஃப் அடிக்க வேண்டும். அவசரத்தில் பலர் காத்திருப்பதில்லை. அன்று விளக்கு அணைந்ததும் சாவியை மூடி, மறுபடி திறந்து, இரண்டாம் முறையும் காத்திருந்து பிறகு அடியுங்கள். திணறல் தெளிவாகக் குறைந்தால் குறை சூட்டுப் பக்கம் இருக்கிறது.

இரண்டாம் காலை, பிரைமர். டீசல் ஃபில்டர் அருகில் கையால் அமுக்கும் பிரைமர் பல வண்டிகளில் இருக்கும். ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் அது கெட்டியாகும் வரை அமுக்குங்கள். பிறகு வழக்கம்போல ஸ்டார்ட் பண்ணுங்கள். திணறாமல் ஓடினால் ராத்திரி டீசல் பின்னால் இறங்குகிறது என்று பொருள்.

மூன்றாம் காலை, நிறுத்தும் விதம். முந்தைய ராத்திரியே சமதளத்திலோ, முன்பக்கம் சற்றுத் தாழ்ந்தபடியோ நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைக்க மறக்க வேண்டாம். காலையில் வண்டி நன்றாக எடுத்தால் காற்று நுழைகிறது என்பது உறுதி.

மூன்று காலை, மூன்று பதில். இதை எழுதிக்கொண்டு போனால் மெக்கானிக்கின் வேலையில் பாதி முடிந்த மாதிரி.

செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள்

பேட்டரி. டெர்மினலில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் சுத்தம் செய்து இறுக்குங்கள். பாடியிலும் எஞ்சினிலும் இணையும் எர்த் வயரையும் பாருங்கள். ராத்திரி நின்ற வண்டியில் நல்ல 12 வோல்ட் பேட்டரி 12.6 வோல்ட் அளவு காட்டும். 12.2-க்குக் கீழே இருந்தால் பாதி சார்ஜ்தான். செல்ஃப் அடிக்கும்போது சுமார் 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி தளர்ந்துவிட்டது, அல்லது செல்ஃப் மோட்டார் அதிகம் இழுக்கிறது. எஞ்சின் ஆயில் வண்டிப் புத்தகத்தில் சொன்ன கிரேடுதானா என்றும் பாருங்கள். அதிகக் கெட்டியான ஆயில் இருந்தால் செல்ஃப் சுற்றத் திணறும்.

ஹீட்டர் பிளக். 2005-ல் வந்த டாடா ஏஸ், நாம் குட்டியானை என்று கூப்பிடும் வண்டி, இரண்டு சிலிண்டர் கொண்டது. அதன் பழைய 702 சிசி எஞ்சினில் டீசல் முதலில் ஒரு சின்ன அறைக்குள் எரிந்து பிறகு சிலிண்டருக்கு வரும். இந்த வகை எஞ்சினுக்குக் குளிரில் ஹீட்டர் பிளக் மிகவும் தேவை. இரண்டில் ஒன்று போனால் எஞ்சினில் பாதி தூங்குகிறது என்று பொருள். சோதனை எளிது. பிளக்கின் மேல் இருக்கும் இணைப்பைக் கழற்றிவிட்டு, டெஸ்ட் லேம்பின் ஒரு முனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும் மறுமுனையைப் பிளக்கின் நுனியிலும் வைக்க வேண்டும். விளக்கு எரிந்தால் உள்ளே கம்பி அறுபடவில்லை. எரியாவிட்டால் பிளக் போய்விட்டது. எல்லாப் பிளக்கும் நல்லபடி இருந்தும் சூடேறாவிட்டால் ஃபியூஸ், ரிலே, வயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இந்த எல்லாமே பம்பை விட மிக மலிவு. நேரடியாக சிலிண்டருக்குள் டீசல் தூவும் சில பழைய எஞ்சின்களில் ஹீட்டர் பிளக்கே கிடையாது. அவை நல்ல கம்ப்ரஷனையும் வேகமான செல்ஃபையும் நம்பித்தான் ஓடும்.

டீசல் குழாயில் காற்று. "டீசல் ஒரு சொட்டுக்கூட ஒழுகல, எப்படி லீக் இருக்கும்?" என்று கேட்பார்கள். டேங்கிலிருந்து பம்ப் வரை உள்ள குழாயில் பம்ப் உறிஞ்சுகிறது. அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சினால் காற்று வருமே, அப்படி. வெடித்த ரப்பர் குழாய், தளர்ந்த கிளிப், ஃபில்டர் மாற்றும்போது சரியாக உட்காராத வாஷர், தேய்ந்த பிரைமர் ஆகியவைதான் வழக்கமான இடங்கள். பம்புக்கு முன்னால் ஒரு துண்டு கண்ணாடி போன்ற தெளிவான டீசல் குழாயைத் தற்காலிகமாகப் போட்டால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

ஃபில்டரும் தண்ணீரும். ஃபில்டர் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருக்கும். ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் டீசலுக்கு அடியில் தனியாக நிற்கும். மலைக்கு மேல் கேனில் கொண்டுவந்து வைத்து ஊற்றும் டீசலில் தண்ணீரும் தூசியும் சேர வாய்ப்பு அதிகம். துணி வைத்து வடிகட்டினால் மட்டும் தண்ணீர் போகாது. கேனை ஒரு நாள் அசைக்காமல் வைத்து, அடி டீசலை ஊற்றாமல் விடுங்கள். டேங்கைப் பாதிக்குக் கீழே இறங்கவிடாமல் வைத்தால் ராத்திரிப் பனியில் உள்ளே ஈரம் கோர்ப்பதும் குறையும். மண்ணெண்ணெய் கலக்கவே வேண்டாம். பம்புக்கும் நாசிலுக்கும் டீசல்தான் எண்ணெய். அந்த வழவழப்பு குறைந்தால் அவை தேய்ந்துவிடும்.

டேப்பட், கம்ப்ரஷன். மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் திணறினால், முதலில் டேப்பட் இடைவெளி, பிறகு கம்ப்ரஷன் அளவு பார்க்கச் சொல்லுங்கள்.

நாசில், பம்ப். இவை கடைசி. நாசிலைக் கழற்றி டெஸ்டரில் வைத்து, பனி போலத் தூவுகிறதா, சொட்டுகிறதா என்று நேரில் காட்டச் சொல்லலாம். சொட்டும் நாசில் குளிரில் திணறலும் புகையும் தரும். பம்ப் வேலை அதற்கும் பிறகுதான்.

கம்ப்யூட்டர் உள்ள வண்டி என்றால்?

கொஞ்சம் புதிய வண்டிகளில் காமன் ரயில் என்ற முறை இருக்கிறது. டீசல் எவ்வளவு, எப்போது என்பதை ஒரு சின்னக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கிறதா என்று அதற்குச் சொல்வது தண்ணீரின் சூட்டை அளக்கும் சென்சார். அது தப்பாகச் சொன்னால் ஹீட்டர் நேரமும் டீசல் அளவும் குறைந்துவிடும். சோதிப்பது சுலபம். காலையில் ஸ்டார்ட் பண்ணும் முன் ஸ்கேனர் போட்டால், அது காட்டும் தண்ணீர் சூடு வெளிக் காற்றின் சூட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மலைக் குளிரில் நின்ற வண்டி 80 டிகிரி காட்டினால் சென்சாரோ வயரோ பொய் சொல்கிறது.

நெடுநேரம் இழுத்தும் ஸ்டார்ட் ஆகாவிட்டால் ரயிலில் அழுத்தம் ஏறுகிறதா என்றும் ஸ்கேனரில் பார்க்கலாம். இன்ஜெக்டர் மாற்ற வேண்டும் என்று சொன்னால், ஒவ்வொன்றிலிருந்தும் திரும்பி வரும் டீசலைத் தனித்தனிப் பாட்டிலில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். எது அதிகம் விடுகிறதோ அதுதான் கெட்டது. நான்கையும் மாற்றத் தேவை இருக்காது.

கண்டிப்பாகச் செய்யக் கூடாதவை

* மலை இறக்கத்தில் உருட்டி ஸ்டார்ட் பண்ணாதீர்கள். பிரேக்குக்கு உதவும் வாக்குவம் எஞ்சின் ஓடினால்தான் கிடைக்கும். எஞ்சின் நின்ற வண்டியில் பிரேக் ஒன்றிரண்டு மிதிக்குப் பிறகு கல்லாகிவிடும். பவர் ஸ்டீயரிங்கும் இறுகும். கச்சிராயபாளையம் பாதையில் ஒரு வளைவு போதும், சரக்கோடு பள்ளத்தில்தான்.
* ஏர் ஃபில்டரில் பெட்ரோலோ ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயோ அடிக்காதீர்கள். ஹீட்டர் சிவந்திருக்கும்போது வெடித்து எஞ்சினே உடையலாம், முகம் கருகலாம்.
* டேங்குக்கு அடியிலோ எஞ்சினுக்கு அடியிலோ துணி கொளுத்திச் சூடு காட்டாதீர்கள்.
* காமன் ரயில் வண்டியில் எஞ்சின் சுற்றும்போது டீசல் குழாயைத் தளர்த்தாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வலி தெரியாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது.
* செல்ஃபைத் தொடர்ந்து அடிக்காதீர்கள். 10 விநாடி அடித்தால் அரை நிமிடமாவது விடுங்கள்.
* மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றாதீர்கள். புகை உயிரைக் குடிக்கும்.

மெக்கானிக்கிடம் போகும்போது

நல்ல மெக்கானிக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். நாம் விவரத்தோடு போனால் அவருக்கும் வேலை சுலபம். ஒரு நோட்டில் இவற்றை எழுதிக்கொண்டு போங்கள்:

1. எத்தனை மணிக்கு, எந்தச் சரிவில் நின்ற வண்டி?
2. செல்ஃப் வேகமா, மெதுவா?
3. புகை என்ன நிறம், எவ்வளவு நேரம்?
4. ஸ்டார்ட் ஆகி எத்தனை விநாடியில் திணறியது?
5. மூன்று காலைச் சோதனையில் எது பலன் தந்தது?
6. கடைசியாக ஃபில்டர், ஆயில், பேட்டரி மாற்றிய தேதி என்ன?

"முதல்ல ஹீட்டர் பாருங்கண்ணே, ஏர் எடுக்குதான்னு பாருங்க, அப்புறம் பம்ப் பத்திப் பேசலாம்" என்று மரியாதையாகச் சொல்லலாம். என்ன கழற்றுகிறார், எவ்வளவு ஆகும் என்பதை முன்கூட்டியே கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திரும்ப வாங்குங்கள். ரசீது வாங்குங்கள். குளிர்ந்த எஞ்சினில்தான் கோளாறு தெரியும் என்பதால், முடிந்தால் முந்தைய சாயங்காலமே வண்டியை விட்டு, காலை முதல் ஸ்டார்ட்டை அவர் கண்ணாலேயே பார்க்கச் செய்யுங்கள்.

குழுவாக என்ன செய்யலாம்?

வண்டிக் கடன் பெற்ற உறுப்பினர்கள் இருக்கும் குழுக்கள், தவணையோடு சேர்த்து மாதம் ஒரு சிறு தொகையைப் பராமரிப்புக்கு என்று தனியாக ஒதுக்கித் தீர்மானம் போடலாம். மழைக்காலம் தொடங்கும் முன் புரட்டாசியிலேயே பேட்டரி, ஹீட்டர் பிளக், டீசல் ஃபில்டர், ரப்பர் குழாய் ஆகிய நான்கையும் பார்த்துவிட்டால் மார்கழியில் நிம்மதி. பழுதுக்கு உள்கடன் கேட்டு வருபவரிடம், கணக்காளர் மேலே உள்ள ஆறு கேள்விக்கும் பதில் எழுதி வாங்கலாம். அது கடனை மறுப்பதற்காக அல்ல. தேவையில்லாத கடன் அந்தச் சகோதரியின் தலையில் ஏறாமல் இருப்பதற்காக.

இந்தக் கட்டுரையை அடுத்த குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேளுங்கள். வண்டி ஓட்டும் வீட்டு ஆண்களையும் அன்று கூப்பிட்டு உட்கார வையுங்கள். ஹீட்டர் விளக்கு எங்கே இருக்கிறது, பிரைமர் எங்கே இருக்கிறது என்று வண்டியிலேயே தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். தொட்டுப் பார்த்தது மறக்காது.